சர்லாயின் வெளியே, ரிப்-ஐ வீட்டிலே: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் மாட்டிறைச்சி பற்றிப் போகிற போக்கில் நான்கு வரி எழுதினேன். அதற்கு இருபத்து மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் பதினொன்றின் அடியில் "என் பெயரைப் போட வேண்டாம்" என்று கோடிட்டு எழுதியிருக்கிறார்கள். காரணம் கேட்கத் தேவையில்லை. இந்த இதழ் ஊரில் இருக்கும் மாமியார் கைக்கும் போகிறது. ஆகவே எல்லாருடைய பெயரையும் எடுத்துவிட்டேன். ஊர் மட்டும் இருக்கட்டும்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஆம்பூர்க்காரன், தோல் மண்டிக்காரர் மகன். ஹூஸ்டனில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் இறைச்சிப் பிரிவில் 17 ஆண்டுகள் கத்தி பிடித்தவன். இடது கை ஆள்காட்டி விரல் நுனி கொஞ்சம் குறைவு. இப்போது ஓய்வில் இருக்கிறேன். ஸ்டேக் என்பது தடிமனாக வெட்டி அப்படியே சுட்டெடுக்கும் மாட்டிறைச்சித் துண்டு. ரிப்-ஐ விலாப் பகுதியிலிருந்து வருவது, சர்லாயின் இடுப்புப் பகுதியிலிருந்து. 16 அவுன்ஸ் சேர்ந்தால் ஒரு பவுண்டு.

கடையில் ரிப்-ஐ ஸ்டேக் பவுண்டு 17 டாலர். செயின் உணவகத்தில் முக்கால் பவுண்டுக்கே 27 டாலர். "சமைத்து, பரிமாறி, தட்டும் கழுவுகிறார்களே, நியாயமான விலைதான்" என்கிறார் என் கணவர். பகல் கொள்ளை என்கிறேன் நான். யார் சொல்வது சரி? (வாசகி, பிளேனோ)

தீர்ப்பு சொல்லும் முன் ரசீதைப் பார்த்துவிடலாம். போன மாதம் நானும் மனைவியும் வீட்டருகே உள்ள ஒரு செயின் உணவகத்துக்குப் போனோம். அவளுக்கு 6 அவுன்ஸ் சர்லாயின், 14.99 டாலர். எனக்கு 12 அவுன்ஸ் ரிப்-ஐ, 26.99 டாலர். இரண்டு தட்டுகளுக்கும் ஒரே மாதிரி உருளைக்கிழங்கு, ஒரே மாதிரி சாலட், நடுவில் ஒரு கூடை ரொட்டி. ஹூஸ்டனில் விற்பனை வரி 8.25 சதவீதம், டிப்ஸ் 20 சதவீதம் வைத்தேன். அவள் தட்டு 19.23 டாலரில் வந்து நின்றது. என்னுடையது 34.62.

மறுவாரம் அதே இரண்டையும் கடையில் வாங்கினேன். சர்லாயின் பவுண்டு 10.99, ரிப்-ஐ பவுண்டு 16.99. டெக்சஸில் பச்சை இறைச்சிக்கு வரி கிடையாது. 6 அவுன்ஸ் சர்லாயினுக்கு 4.12 டாலர், 12 அவுன்ஸ் ரிப்-ஐக்கு 12.74 டாலர். கிழங்கு, கீரை, வெண்ணெய், ரொட்டி என்று தலைக்கு 3 டாலர் சேர்த்துக்கொண்டேன். வீட்டில் அவள் தட்டு 7.12, என் தட்டு 15.74.

இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். மடங்குக் கணக்கு போட்டால் உணவக சர்லாயின் வீட்டு விலையைப் போல 2.7 மடங்கு, ரிப்-ஐ 2.2 மடங்கு. "அப்படியானால் வெளியே போனால் ரிப்-ஐ சாப்பிடுவதே லாபம்" என்று என் மைத்துனன் ஒரு நாள் முழுக்க வாதிட்டான். மடங்கை விடுங்கள், வித்தியாசத்தைக் கழித்துப் பாருங்கள். சர்லாயினுக்கு நாம் கூடுதலாகக் கொடுத்தது 12.11 டாலர். ரிப்-ஐக்குக் கூடுதலாகக் கொடுத்தது 18.88. முதல் 12 டாலருக்கு என்ன கிடைத்தது என்று எனக்குத் தெரியும்: அடுப்படிக்குப் போகாத ஒரு மாலை, சூடான ரொட்டி, நாம் கழுவாத தட்டு. இரண்டாவது தட்டிலும் அதே ரொட்டிதான், அதே கழுவல்தான். அப்படியானால் மிச்சம் 6.77 டாலர் எதற்கு? எதற்கும் இல்லை. விலை உயர்ந்த துண்டைக் கேட்டதற்கான அபராதம்; அதற்கான வரியும் டிப்ஸும் அதிலேயே அடக்கம்.

ஆகவே உங்கள் கணவர் சர்லாயின் விஷயத்தில் சரி, நீங்கள் ரிப்-ஐ விஷயத்தில் சரி. கைப்பக்குவமும் இதற்கு ஒத்துப்போகிறது. சர்லாயினில் கொழுப்பு குறைவு. வீட்டு அடுப்பில் ஒரு நிமிடம் கூடினால் செருப்புத் தோல்தான். உணவகத்து ஆள் அதை ஒரு நாளைக்கு நூறு முறை செய்கிறவர், அவரிடம் விட்டுவிடலாம். ரிப்-ஐயில் கொழுப்பு அதிகம். நாம் கொஞ்சம் தவறினாலும் அது மன்னித்துவிடும்.

வாரநாட்களில் மாலை ஆறு மணிக்கு முன் போனால் சில செயின்களில் அந்தச் சர்லாயினே இன்னும் இரண்டு மூன்று டாலர் குறைவு. ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட என்ன வேலை?

டெக்சஸ் ரோட்ஹவுஸ் செயின் உணவகத்தில் 'சாய்ஸ்' (அரசு முத்திரையில் நடுத்தரம்) தரம்தான் பயன்படுத்துகிறார்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். நானும் கடையில் 'சாய்ஸ்'தான் வாங்குகிறேன். ருசி கிட்டக்கூட வருவதில்லை. நல்ல கறியை அவர்களுக்கு ஒதுக்கிவிட்டு நமக்கு மிச்சத்தைத் தள்ளுகிறார்களா? (வாசகர், ஹூஸ்டன்)

ஒதுக்கீடு எதுவும் இல்லை. அமெரிக்காவில் தானியம் ஊட்டிக் கொழுக்க வைக்கும் மாடுகளில் ஏறத்தாழ 85 சதவீதத்தை டைசன், ஜேபிஎஸ், கார்கில், நேஷனல் பீஃப் என்ற நான்கு நிறுவனங்கள்தான் அறுக்கின்றன. எங்கள் கடைக் குளிர் அறையில் இறங்கிய அட்டைப் பெட்டியும் தெருவுக்கு எதிர்ப்பக்க உணவகத்தில் இறங்கிய பெட்டியும் ஒரே ஆலையிலிருந்து வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

வேறுபாடு கத்தியில் தொடங்குகிறது. 1993இல் இந்தியானா மாநிலத்துக் கிளார்க்ஸ்வில்லில் தொடங்கிய டெக்சஸ் ரோட்ஹவுஸ், ஒவ்வொரு கிளையிலும் இறைச்சி வெட்டுவதற்கென்றே ஆள் வைத்திருக்கிறது. உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும் குளிர் அறையில் நாள் முழுக்க நின்று வெட்டுகிறார்கள். ஆண்டுதோறும் அவர்களுக்குள் நடக்கும் வெட்டுப் போட்டியை ஐஸ் ஸ்கேட்டிங் அரங்கில் வைக்கிறார்கள். எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். எங்களுக்குப் போட்டியெல்லாம் இல்லை, மேலாளர்தான் இருந்தார்.

அந்த மேலாளர் சொன்னதைச் சொல்கிறேன், கடையின் பெயர் வேண்டாம். "முக்கால் அங்குலத்துக்கு மேல் வெட்டாதே" என்பார். வாடிக்கையாளர் பவுண்டு விலையைப் படிப்பதில்லை. பொட்டலத்தின் மேல் ஒட்டிய மொத்த விலையைத்தான் படிக்கிறார். ஒன்றரை அங்குல ரிப்-ஐ தனியாக 20 டாலரைத் தாண்டும். கையில் எடுத்தவர் திரும்ப வைத்துவிடுவார். முக்கால் அங்குலமாக வெட்டினால் 11 டாலருக்குள் அடங்கும், வண்டிக்குள் போய்விடும். நான் ஆயிரக்கணக்கில் அப்படி வெட்டியிருக்கிறேன். முக்கால் அங்குலத் துண்டை எவ்வளவு சூடான கல்லில் போட்டாலும், வெளியே பொன்னிறம் ஏறுவதற்குள் நடுவரை வெந்து சாம்பல் நிறமாகிவிடும். உங்கள் கையில் குறை இல்லை. நீங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே அந்த ஸ்டேக் கெட்டுவிட்டது.

கவுண்டரில் ஆள் இருக்கும் கடையாகப் பார்த்துப் போங்கள். ஆலையிலேயே வெட்டிப் பொட்டலம் கட்டி வருகிற கடைகளில் கேட்டபடி வெட்டித் தர ஆள் இருக்காது. "ரிப்-ஐயில் ஒன்றரை அங்குலம் ஒன்று வெட்டித் தாருங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலான கடைகளில் இதற்குத் தனிக் கட்டணம் இல்லை. அந்த ஒன்றை இருவர் பகிர்ந்து சாப்பிடலாம். மெல்லிய துண்டு ஆளுக்கொன்று என்பதைவிட அது எவ்வளவோ மேல். இன்னொன்றும் சொல்லுங்கள்: "தோள் பக்கத்து முனையிலிருந்து." அந்த முனையில் துண்டின் ஓரத்தைச் சுற்றிப் பிறை போல ஒரு தனித் தசை அகலமாக இருக்கும். மாட்டின் உடம்பிலேயே கொழுப்பும் மென்மையும் சரியாகக் கூடிய இடம் எது என்று கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன். இடுப்புப் பக்கம் போகப் போக அந்தப் பிறை தேய்ந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு பக்கமும் கல்லுப்பு தூவி, கம்பித் தட்டின் மேல், மூடாமல், ஓர் இரவு குளிர்பெட்டியில் வையுங்கள். உப்பு உள்ளே இறங்கும், மேல்தோல் காயும். ஈரமான கறி வறுபடாது, அவியும். நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இந்த அவியல்தான். கனமான இரும்புத் தோசைக்கல்லைப் புகை கிளம்பும் வரை காய்ச்சி, பிறகு போடுங்கள். புகை அலாரம் அலறும். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். பார்க்கட்டும். நடுவில் வெப்பமானியைக் குத்தி 130 பாரன்ஹீட் காட்டும்போது நான் இறக்குவேன். அரசின் வேளாண் துறை சொல்லும் அளவு 145 பாரன்ஹீட், பிறகு மூன்று நிமிட ஓய்வு. கர்ப்பிணிகளும் முதியவர்களும் சிறு பிள்ளைகளும் அந்த அளவையே பிடித்துக்கொள்ளட்டும். கடைசியில் ஒரு கட்டி வெண்ணெய். உணவகத்து ருசியில் பாதி அந்த வெண்ணெய்தான், மறைப்பானேன்?

மகளைப் பார்க்க டெக்சஸ் வரப்போகிறேன். கடையில் பிரைம், சாய்ஸ், செலக்ட், ஆங்கஸ் என்று பல பெயர்கள் இருக்கும் என்கிறாள். இவற்றுக்கு என்ன பொருள்? (வாசகர், சென்னை)

ஆம்பூரில் "கறி நன்றாக இருக்கிறதா பாய்?" என்று கேட்பதோடு தரச்சோதனை முடிந்துவிடும். இங்கே அரசு வேளாண் துறை ஆள் பார்க்கிறார். அறுத்த மாட்டின் 12ஆம், 13ஆம் விலா எலும்புகளுக்கு இடையே வெட்டி, அந்த முகத்தில் சதைக்குள் ஓடும் வெள்ளைக் கொழுப்புக் கோடுகள் எவ்வளவு என்று கணிப்பார்கள். மாட்டின் வயதும் கணக்கில் வரும். கோடுகள் நிறைய இருந்தால் பிரைம், நடுத்தரம் சாய்ஸ், கொஞ்சமே என்றால் செலக்ட். 1927இல் தொடங்கிய முறை இது. செலக்ட் என்பதற்கு 1987 வரை 'குட்' என்று பெயர். பெயரை மாற்றினார்கள், கறி அதேதான்.

சுகாதாரச் சோதனை கட்டாயம். தர முத்திரை கட்டாயம் இல்லை. ஆலை விரும்பினால் பணம் கட்டி வாங்கிக்கொள்ளும். முத்திரை இல்லாத கறி கெட்ட கறி என்று நினைத்துவிடாதீர்கள்.

சாய்ஸ் என்பது பெரிய கூடை. தரம் போட்ட இறைச்சியில் நான்கில் மூன்று பங்குக்கு நெருக்கமாக அதில்தான் விழுகிறது. கூடையின் மேல்மட்டம் பிரைமை உரசும், அடிமட்டம் செலக்டோடு உறவாடும், விலைச்சீட்டு மட்டும் ஒன்றே. அதனால் முத்திரையைப் பார்த்த பிறகு கண்ணையும் பயன்படுத்துங்கள். மெல்லிய கோடுகள் சதை முழுக்கப் பரவியிருக்கும் துண்டு நல்லது. ஒரே இடத்தில் தடிமனாகத் திரண்ட கொழுப்பு உங்கள் பணத்தில் எடை ஏற்றுவது, அவ்வளவே.

ஆங்கஸ் என்பது மாட்டின் இனம், தரம் அல்ல. 1978இல் தொடங்கிய 'சர்ட்டிஃபைடு ஆங்கஸ் பீஃப்' என்ற முத்திரைக்கு மட்டும் கூடுதல் நிபந்தனைகள் உண்டு. சாய்ஸின் அடிமட்டம் அதற்குள் நுழைய முடியாது. வெறும் 'ஆங்கஸ்' என்று போட்டிருந்தால், மாடு கறுப்பு என்று தெரிந்துகொண்டு அடுத்த பொட்டலத்தைப் பாருங்கள்.

பொட்டலத்தின் மேல்பக்கம் சிவப்பு, பிரித்தால் அடியில் பழுப்பு. பழைய கறியை அடியில் வைத்து ஏமாற்றுகிறார்களா? (வாசகி, எடிசன், நியூ ஜெர்சி)

இல்லை. சதையில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் காற்றுப் பட்டால் சிவக்கும், காற்றுப் போதாத இடத்தில் பழுப்பாகும். தட்டில் கசியும் சிவப்பு நீரும் அந்தப் புரதம் கலந்த நீர்தான், ரத்தம் இல்லை. மூக்கை நம்புங்கள். புளித்த வாடையும் பிசுபிசுப்பும் இருந்தால் மட்டும் திருப்பிக் கொடுங்கள்.

எங்களுக்கு ஹலால்தான். செயின் உணவகம் பக்கமே போக முடியாது. ஹலால் கடை ஸ்டேக் ஏன் கடினமாக இருக்கிறது? (வாசகர், ஷுகர்லேண்ட்)

அறுப்பு முறைக்கும் கடினத்துக்கும் தொடர்பில்லை. அறுத்த பிறகு கறி காத்திருந்த நாட்களில்தான் விஷயம். பெரிய ஆலைக் கறி காற்று நீக்கிய பையில் இரண்டு மூன்று வாரம் கிடந்துதான் கடைக்கு வருகிறது. அந்த நாட்களில் சதையில் உள்ள நொதிகள் நார்களைத் தளர்த்திவிடும். ஹில்கிராஃப்ட் தெருவில் நான் வாங்கும் கடையில் திங்களன்று வந்தது புதனன்று தீர்ந்துவிடும். குழம்புக்கும் பிரியாணிக்கும் அந்தப் புதுக்கறி அருமை. ஸ்டேக்குக்கு அது பச்சைக் காய். தர முத்திரையும் அங்கே பெரும்பாலும் இருப்பதில்லை. கடைக்காரரோடு பழகிக்கொள்ளுங்கள். ஆலையிலேயே காற்று நீக்கிப் பையில் அடைத்த முழு விலாத்துண்டு வருமா என்று கேளுங்கள். வந்தால் பையைப் பிரிக்காமல், பையில் போட்ட தேதிக்குள், குளிர்பெட்டியின் அடித்தட்டில் வைத்திருந்து பிறகு வெட்டிக்கொள்ளலாம். முழுத்துண்டாக வாங்கினால் பவுண்டுக்கு இரண்டு மூன்று டாலர் குறையவும் செய்யும்.

விலை எப்போது இறங்கும்? (வாசகர், ஃபிரிஸ்கோ)

சீக்கிரம் இறங்காது. 2025 ஜனவரி 1 அன்று அமெரிக்காவில் இருந்த மாடுகள் 8 கோடியே 67 லட்சம்; 1951க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்ததில்லை. ஆண்டுக்கணக்கில் மழை பொய்த்துப் புல் கருகியது, தீவன விலை ஏறியது, வளர்ப்பவர்கள் கன்று ஈன வேண்டிய கிடாரிகளையே விற்றுத் தீர்த்தார்கள். விதை நெல்லை அவித்துத் தின்ற கதை. போதாததற்கு, உயிருள்ள கால்நடையின் புண்ணில் முட்டையிட்டுச் சதையைத் தின்னும் ஒரு ஈப்புழு மெக்சிகோவில் பரவியதால், அங்கிருந்து வரும் இளங்கன்றுகளை 2024 நவம்பரில் நிறுத்தினார்கள். 2025 பிப்ரவரியில் திறந்து மே மாதம் மறுபடி நிறுத்தினார்கள். டெக்சஸ் கொழுப்பூட்டும் பட்டிகளுக்கு அது பெரிய அடி. 2025 ஜூனில் கொத்துக்கறியின் சராசரி விலையே பவுண்டுக்கு 6 டாலரைத் தாண்டிவிட்டது.

மந்தையைப் பெருக்க வேண்டுமானால் கிடாரியை விற்காமல் நிறுத்த வேண்டும்; அது வளர்ந்து, சினையாகி, ஈன்று, அந்தக் கன்று கறிக்குத் தயாராக மூன்று ஆண்டுகளுக்குக் குறையாது. நிறுத்திய காலத்தில் சந்தைக்கு வரும் மாடு இன்னும் குறையும், விலை இன்னும் ஏறும். செயின் உணவகங்கள் தேவையில் ஒரு பகுதியை முன்கூட்டியே விலை பேசி வாங்குவதால் மெனு விலை மெதுவாக ஏறும். கடை விலை வாரத்துக்கு வாரம் ஆடும். அந்த ஆட்டத்தில்தான் நமக்கு வாய்ப்பு. தேதி நெருங்கிய பொட்டலங்களுக்கு விலை குறைத்து ஒட்டும் வேலையை நான் காலை ஏழரைக்கு முடித்துவிடுவேன். எட்டு மணிக்கு வருகிறவர்கள் யார் யார் என்று எனக்கு முகம் தெரியும்.

ரிப்-ஐ கட்டுப்படியாகாதவர்கள் 'சக் ஐ' என்று கேளுங்கள். ரிப்-ஐயின் அதே தசை தோளுக்குள் நீண்டு போகும் இடம் அது. ஒரு மாட்டில் சில துண்டுகளே தேறும். விலை பாதிக்குச் சற்று மேல். எங்கள் கடையில் பெரும்பாலும் அது வெளியே வராது, வெட்டுகிறவர்களே வாங்கிக்கொண்டு போய்விடுவோம்.

நான் முழுக்க வெந்ததைத்தான் சாப்பிடுவேன். 'வெல் டன்' என்றதும் பரிமாறுகிறவர் முகம் சுருங்குகிறது. அது தவறா? (வாசகர், அட்லாண்டா)

காசு உங்களுடையது, முகம் அவருடையது. ஆனால் என் கதையைக் கேளுங்கள். இங்கே வந்த புதிதில், பெயர் சொல்ல விரும்பாத ஓர் உணவகத்தில், பட்டியலிலேயே விலை கூடிய ஃபிலேயை (முதுகெலும்பை ஒட்டிய மென்மையான துண்டு) கேட்டு "சிவப்பே தெரியக் கூடாது" என்றேன். கொழுக்கட்டை போல உருண்டு வர வேண்டியதைப் புத்தகம் போல நடுவில் பிளந்து விரித்து, அப்பளமாக வாட்டிக் கொண்டுவந்து வைத்தார்கள். தடித்த ஃபிலே முழுக்க வேக வேண்டுமென்றால் அப்படித்தான் செய்வார்களாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. கொழுப்பே இல்லாத துண்டு அது, முழுக்க வெந்தால் பஞ்சுதான். வெல் டன் வேண்டுமானால் கொழுப்புள்ள ரிப்-ஐ கேளுங்கள், ஃபிலேயைத் தொடாதீர்கள்.

ஓரிடத்தில் மட்டும் உங்கள் பழக்கம் நல்லது. சில கடைகளில் ஸ்டேக்கை மென்மையாக்க ஊசிக் கத்திகளால் குத்தியிருப்பார்கள். மேற்புறத்துக் கிருமி உள்ளே போக அது வழி செய்யும். 2016 மே முதல் அதைச் சீட்டில் எழுதியாக வேண்டும். சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் படியுங்கள். அந்தக் கறிக்கு 145 பாரன்ஹீட்டுக்குக் கீழே போகாதீர்கள்.

உணவகத்தில் மிஞ்சிய ஸ்டேக்கைக் கட்டி எடுத்து வருகிறோம். மறுநாள் மைக்ரோவேவில் வைத்தால் ரப்பராகிறது. என்ன செய்யலாம்? (வாசகி, ஆஸ்டின்)

மைக்ரோவேவ் வேண்டாம். குளிர்ந்தபடியே நாருக்குக் குறுக்கே தீக்குச்சி போல நறுக்குங்கள். கல்லில் எண்ணெய் விட்டுச் சோம்பு, கறிவேப்பிலை, நிறையச் சின்ன வெங்காயம், கீறிய பச்சை மிளகாய் போட்டு வதக்குங்கள். வெங்காயம் சிவந்ததும் கறியைக் கொட்டி, இடித்த மிளகைத் தூவி, முப்பது எண்ணுவதற்குள் இறக்கிவிடுங்கள். கறி ஏற்கெனவே வெந்தது, சூடு ஏறினால் போதும். தோசைக்கு வைத்துச் சாப்பிடுவோம். என் மனைவி உணவகத்தில் 6 அவுன்ஸில் இரண்டு அவுன்ஸை ஏன் மிச்சம் வைக்கிறாள் என்று எனக்கு நீண்ட நாள் புரியவில்லை.